சூப்ரவைசரின் சாப்பாட்டுக் கார்டு

பென்னலூர்,
18-2-91, திங்கள்.

மரியாதைக்குரிய முனிரத்தினம் மாமா அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் கார்முகில், டி.எம்.இ., பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான் சௌக்கியம். என்னோடு அறையில் இருக்கும் எல்லப்பனும் செல்லத்துரையும் சௌக்கியம். போன ஆடி மாதம் ஒரு கோணிப்பையில் கட்டி, "ரெண்டே வாரம்டா மச்சான், சைட்டு மாறனதும் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லி நீங்கள் என் கையில் திணித்துவிட்டுப் போன மலைப்பாம்பும் சௌக்கியம். நீங்களும் சரோஜா அக்காவும் சௌக்கியமா என்பதைக் கடிதத்தின் கடைசியில் விசாரிக்கிறேன். இப்போதே விசாரித்தால் கோபம் ஆறிவிடும், ஆறிவிட்டால் எழுத உட்கார்ந்ததை எழுத மாட்டேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு 24-ஆம் தேதி காலை பத்து மணிக்குள் நீங்கள் கிழிசல் இல்லாத ஒரு சாக்கோடு இங்கே வந்து உங்கள் பாம்பை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வராவிட்டால் அது செத்துப்போகும். கூட்டிச் சொல்லவில்லை. நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், அளந்துதான் பேசுவேன். இந்த நிலைமை எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் தப்பு முதலிலேயே இருக்கிறது, அது உங்களுடையது.

ஒரு மிக்ஸி வாங்கினால்கூட அதில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று ஒரு சின்னப் புத்தகம் தருகிறான். நீங்கள் ஓர் உயிருள்ள ஜந்துவைக் கொடுத்துவிட்டு, "என்னா சாப்பிடும் மாமா?" என்று நான் கேட்டதற்கு, பஸ் படியில் தொங்கிக்கொண்டே, "இன்னாத்த போட்டாலும் துன்னும்டா" என்றீர்கள். புல்டோசர் ஓட்டுகிறவர் பேசுகிற பேச்சா இது? உங்கள் புல்டோசர் டாங்கியில் இன்னாத்தையாவது ஊற்றுவீர்களா? உங்கள் வார்த்தையை நம்பி எல்லப்பன், லேத் ஆபரேட்டர், அரக்கோணம் பக்கத்துப் பையன், பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவன், முதல் நாள் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றி வைத்தான். பாம்பு அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது, சால்னா நிறத்தில். செல்லத்துரை நாங்குநேரிக்காரன், ஊரிலிருந்து வந்த கருவாட்டை மனசில்லாமல் ஒரு துண்டு கொடுத்தான். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பதில் அவனுக்கு இன்றுவரை வருத்தம். "எங்க ஊரு கருவாட்டையே வேண்டாங்குன்னா அது என்னலே பிராணி" என்றான். நான் கேன்டீனில் புதன்கிழமை தருகிற அவித்த முட்டையை, நான் சாப்பிடாமல், கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தேன். பாம்பு அதைச் சுற்றி வளைந்து படுத்துக்கொண்டது. "மச்சி, அட காக்குதுடா" என்றான் எல்லப்பன். அவித்த முட்டையை எதற்கு அடைகாக்க வேண்டும் என்று நான் கேட்டேன், "அதுக்கு இன்னாடா தெரியும், அது கேன்டீன்ல துன்னுதா" என்றான். நாலாம் நாள் முட்டை நாறியது. கம்பெனியில் மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டியைத்தான் பாம்புக்கு வீடாக்கியிருந்தோம், அந்தப் பெட்டியைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவ வேண்டியதாயிற்று. வீட்டுக்காரம்மா சந்திரம்மாள், "பெட்டில இன்னாப்பா வெச்சிகினுகீறீங்க, இந்த நாத்தம் நாறுது?" என்று கேட்டார். கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை, வாடகை ரூமும் வேறு கிடையாது. இந்த வட்டாரத்தில் ஃபேக்டரி வந்த வேகத்துக்கு ரூம் வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆட்டுக்கொட்டகைக்குக்கூட ஆள் நிற்கிறான்.

கடைசியில் பஸ் ஸ்டாப்பில் எனக்கு வழி காட்டியது வயல் வரப்பில் எலி பிடிக்கிற கங்கம்மாள்தான். பாம்பு என்று நான் வாயெடுத்ததுமே ஒரே மூச்சில் சொன்னாள்: "அதுக்கு உசுரோட எலிதான் தம்பி. அதோட நடு ஒடம்பு இன்னா தடிமனோ அந்தத் தடிமன்ல எலி. ஒண்ணு துன்னா பத்து நாளைக்கு அத்தத் தொடாத. சட்ட உரிக்கறப்போ ஒண்ணுமே குடுக்காத. துன்னுட்டுக் கெடக்கறப்போ தூக்கினே, கக்கிடும்." ஒரு ஸ்பெசிஃபிகேஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆனாலும் நடு உடம்பு தடிமன் என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய நான் என்ன காய்கறியா வாங்குகிறேன்? கம்பெனி வெர்னியர் காலிபரை டிபன் பையில் வைத்துக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அளந்தேன். முதல் ரீடிங் 38 மில்லிமீட்டர். இரண்டாவது ரீடிங் எடுப்பதற்குள் உங்கள் பாம்பு வெர்னியரை மூன்று சுற்று சுற்றி இறுக்கிவிட்டது. அதை நான் இழுக்க, என்னை எல்லப்பன் இழுக்க, செல்லத்துரை கட்டிலின் மேல் நின்று "விட்ருலே, கம்பெனி சாமான்லே, விட்ருலே" என்று பாம்பிடம் கெஞ்சினான். அரைமணி நேரம் கழித்து அதுவாக விட்டது. அடுத்த வாரம் கருவிகளைச் சோதிக்கும்போது அந்த வெர்னியரில் ஜீரோ எர்ரர் இருக்கிறது என்று கண்டுபிடித்து என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். 'கையாளும்போது ஏற்பட்ட அழுத்தம்' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் இதை முறைப்படுத்தினேன். எனக்கு ஜெனரல் ஷிஃப்ட். பத்து நாளைக்கு ஒரு தடவை காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் கங்கம்மாள் பிஸ்கட் டின்னில் எலியோடு வருவாள், நான் வாங்கி அறையில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன். எல்லப்பனுக்கும் செல்லத்துரைக்கும் மாறி மாறி வருகிற ஷிஃப்ட். பகலில் யார் அறையில் இருக்கிறானோ அவன் பெட்டியைத் திறந்து எலியை விட வேண்டும், சாப்பிட்டு முடிக்கிறவரை பார்க்க வேண்டும், எழுத வேண்டும். எழுதுவதற்கு ஒரு கார்டு தயார் செய்தேன், மெஷினில் தொங்குமே அந்த மாதிரி. தேதி, ஷிஃப்ட், எலி எண்ணிக்கை, சாப்பிட்டதா, கையெழுத்து. பெட்டிக்கு மேலே ஆணியில் மாட்டினேன். சந்திரம்மாள் காதில் விழுந்தாலும் பரவாயில்லாதபடி பாம்புக்கு ஒரு பெயரும் வேண்டியிருந்தது. நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, யாராவது பக்கத்தில் போனால் தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பதால் எல்லப்பன் அதற்கு சூப்ரவைசர் என்று வைத்தான். கார்டின் தலைப்பில் அதையே எழுதினேன்.

அந்தக் கார்டு ஓர் அழகு மாமா. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, ஒரு தடவைகூடத் தவறவில்லை. 'சாப்பிட்டது, ஓகே.' 'சாப்பிட்டது, ஓகே.' பாம்பும் மூன்று அடியிலிருந்து நாலரை அடி ஆயிற்று. எங்கள் கம்பெனியில் எந்த மெஷினுக்கும் இப்படி ஒரு ரெக்கார்டு கிடையாது. மார்கழிப் பனியில் அது சுருண்டு கிடந்ததைப் பார்த்து, அறுபது வாட்ஸ் பல்பு ஒன்றைப் பெட்டிக்குள் தொங்கவிட்டேன். ஒயரோடு பல்பு ஹோல்டர் உள்ளே போக பெட்டியின் மேல் மூலையில் நாலு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட்டேன். இந்த ஓட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தை மாதம் சட்டை உரித்தது. உயிரோடு இருக்கிற பாம்பை அளப்பது எவ்வளவு தொல்லை என்று சொன்னேன் அல்லவா, சட்டை அசையாமல் கிடந்தது, டேப் வைத்து அளந்தேன், ஏழு அடி. நாலரை அடிக்குப் போட்ட கணக்கில் ஏழு அடி பிராணியைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றே ரேஷனை வாரத்துக்கு இரண்டு பெரிய எலி என்று உயர்த்தினேன். கங்கம்மாள் காரணம் கேட்டாள், சொன்னேன். பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். "உரிச்ச சட்ட நீளமாத்தான் கீது தம்பி, கழட்டறப்போ இழுபடாதா? உன் பனியன் உன் அளவாவா கீது?" என் பனியனைப் பற்றி அவள் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. ரேஷனைக் குறைக்கவில்லை. கார்டும் என் பக்கம்தான் பேசியது: வாரம் இரண்டு, இரண்டும் 'சாப்பிட்டது, ஓகே'. சாப்பிடுகிறதே, பிறகென்ன?

இனி சந்திரம்மாள். எங்கள் அறைக்குப் பக்கத்து அறையில்தான் அவர் நெல் மூட்டை அடுக்குவது வழக்கம். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவர் கூரைத் தகரம்வரை போகவில்லை, மேலே ஒரு முழம் இடைவெளி. போன வாரம் தண்ணீர் பிடிக்கும்போது சந்திரம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா கார்முகிலு, எட்டு வர்சமா அந்த ரூம்ல ஒரு எலி கெடையாது, இப்போ மூட்ட மூட்டயா கடிச்சி வெச்சிகீது. வெத நெல்லு! சித்திரைக்கு நா இன்னாத்த வெதைக்கறது, உங்க கம்பெனி போல்ட்டையா?" நான் அனுதாபப்பட்டேன். எலிகளின் பழக்கவழக்கம் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். நல்ல பூனை ஒன்று வளர்க்கும்படி யோசனையும் சொன்னேன். நான் அவ்வளவு பெரிய மடையன்.

அன்று சாயங்காலம் சட்டை மாட்ட ஆணியைத் தேடியபோது கார்டு கண்ணில் பட்டது. தேதி அன்றைக்கு பிப்ரவரி 12. கார்டு பிப்ரவரி 28 வரை நிரம்பியிருந்தது. அதற்குக் கீழே செல்லத்துரையின் குண்டு குண்டான எழுத்தில், 'பிப்ரவரி 30, பி ஷிஃப்ட், எலி இரண்டு, சாப்பிட்டது, ஓகே.'

கம்பெனியில் லைன் ஆட்கள் ஆயில் லெவல் கார்டை மாதம் பிறக்கும்போதே முப்பது நாளுக்கும் டிக் அடித்து வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பிடிப்பதுதான் என் வேலை. என் சொந்த அறையில், என் சொந்தக் கார்டில்! இரண்டு பேரையும் கட்டிலில் உட்கார வைத்துக் கேட்டேன். பிப்ரவரிக்கு ஏதுடா முப்பது என்றேன். செல்லத்துரை எல்லப்பனைப் பார்த்தான், எல்லப்பன் தகரத்தைப் பார்த்தான்.

"எல்லா மாசத்துக்கும் முப்பது போட்டுப் பழக்கமாயிட்டு" என்றான் செல்லத்துரை.

"சரி, எலி எங்கே?"

"கோவப்படாத மச்சி" என்றான் எல்லப்பன். "நீ ஒரு தபாகூட அது மூஞ்சியப் பாத்து எலி வுட்டதில்ல. மூடியத் தொறந்தா கழுத்த எஸ்ஸு மாதிரி வளைச்சிகினு பாக்குது."

"என்னையத்தான் பாக்கு, வேற யாரையும் பாக்கல, பாத்துக்கோ" என்றான் செல்லத்துரை.

"பயமே தெரியாதுன்னியேடா!" என்றேன் எல்லப்பனிடம்.

"பயம் இல்லடா. மரியாத."

சுருக்கமாக, ஆடி மாதத்திலிருந்து இந்த இரண்டு பேரும் அந்தப் பெட்டிக்குள் ஒரு எலியைக்கூட விடவில்லை. வெளியே விட்டால் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் சந்திரம்மாள் பார்த்துவிடுவார். அதனால் ஸ்டூலில் ஏறி, அந்த ஒரு முழ இடைவெளி வழியாகப் பிஸ்கட் டின்னை அந்தப் பக்கம் கவிழ்த்துவிட்டு, இறங்கி வந்து, 'சாப்பிட்டது, ஓகே' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தம்மாவின் விதை நெல்லின் மேல். வாரம் இரண்டு. பெரிய சைஸாகப் பார்த்து நானே ஆர்டர் கொடுத்த எலிகள், அதில் பாதி சூல் எலி.

எனக்கு அந்த நிமிஷம் நெல்லைப் பற்றித் தோன்றவில்லை மாமா, உண்மையைச் சொல்கிறேன். ஏழு மாதமாகச் சாப்பிடாத ஒரு பிராணி எப்படி மூன்று அடியிலிருந்து வளர்ந்தது என்பதுதான் மண்டையைக் குடைந்தது. உள்ளே போனது பூஜ்யம், எடை மட்டும் ஏறுகிறது. பாலிடெக்னிக்கில் இப்படி ஒரு விடை எழுதினால் பேப்பரைத் தூக்கி முகத்தில் எறிவார்கள். அன்று படுக்கப் போகுமுன் பெட்டியைச் சுற்றிக் கோலமாவைத் தூவினேன். காலையில் பார்த்தால் தரையில் தெளிவாக ஒரு தடம், பெட்டியின் மேல் மூலை ஓட்டையிலிருந்து இறங்கி, அலமாரி ஏறி, சுவர் ஏறி, இடைவெளிக்குள் போய், அதே வழியாகத் திரும்பி வந்து பெட்டிக்குள் முடிந்தது. உள்ளே பல்புக்கு அடியில் சூப்ரவைசர், உடம்பெல்லாம் கோலமாவோடு, நடுவில் ஒரு எலி சைஸ் வீக்கத்தோடு, ஒன்றும் தெரியாத மாதிரி. ஓட்டை நான் போட்டது மார்கழியில்தான். அதற்கு முன்பு எந்த வழி என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஒரு பலகை ஆணி கழன்று தொங்குகிறது. ஆக முதல் மாதத்திலிருந்தே அது இஷ்டப்படி போய் இஷ்டப்படி சாப்பிட்டுவிட்டு, கதகதப்புக்காக மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் எலி வாங்குகிறேன், இவர்கள் அடுத்த அறைக்கு அனுப்புகிறார்கள், அது அங்கே போய் ஏற்றுக்கொள்கிறது. கன்வேயர் பெல்ட் போட்டால்கூட இவ்வளவு ஒழுங்காக நடக்காது. முறை முழுக்கத் தப்பு, கார்டு முழுக்கப் பொய், பொருள் மட்டும் முதல் தரம். டேப்பால் அளந்தேன், ஐந்தரை அடி. இந்த முறை பாம்பைத்தான் அளந்தேன்.

ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. பத்து நாளைக்கு ஒன்றுதான் அது சாப்பிடுகிறது, கங்கம்மாள் சொன்ன அளவேதான். தையிலிருந்து நான் அனுப்பியது வாரம் இரண்டு, தவிர அங்கே போய்ப் பிறந்தவை. அந்த மீதி எல்லாம்தான் விதை நெல்லைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஓட்டையை அடைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அடைத்தேன். பின்பலகையை இறுக்கி, ஓட்டைக்கு பிளைவுட் வைத்து எட்டு ஆணி அடித்து, உள்ளே என் கையாலேயே ஒரு எலியை விட்டேன். பாம்பு அதைத் தொடவில்லை. எலி பாம்பின் முதுகில் இடது பக்கமாகக் கடித்துவிட்டு, பல்பு ஒயரைப் பாதி மென்றுவிட்டு, மூலையில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பிளைவுட் தரையில் கிடக்கிறது, பெட்டி காலி. ஐந்தரை அடிக்கு இவ்வளவு டார்க், அதாவது முறுக்கு விசை, இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி அதுவாகத் திரும்பி வந்ததும் முதுகுக் காயத்துக்கு மஞ்சள் வைத்தேன், பேசாமல் காட்டிக்கொண்டிருந்தது. அது வேறு விஷயம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நேற்று சந்திரம்மாள் ஸ்ரீபெரும்புதூர் போய் எலி பாஷாணம் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்து என்னிடமே காட்டினார். "நாயித்துக்கெழம என் தம்பி வருவான், மூட்டையத் தூக்கி நவுத்தினதும் மூல மூலைக்கும் மருந்து வெக்கப் போறேன். ஒண்ணு பாக்கி இருக்கக்கூடாது." மருந்து தின்ற எலியை சூப்ரவைசர் தின்றால் சூப்ரவைசரும் போய்ச் சேரும். வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். உண்மையான காரணத்தைச் சொன்னால் ரூம் போகும். சொல்லாவிட்டால் பாம்பு போகும்.

வெளியே விட்டுவிடு என்று அக்கா சொல்வாள். எங்கே விடுவது? வல்லம் பக்கம் வயலில் விட்டால் விடிவதற்குள் ஒரு கழியில் மாட்டி ஊர்வலம் விடுவார்கள். இந்தப் பக்கம் புதர் என்று ஒன்று இருந்தது, அதை மட்டம் தட்டியது யார் புல்டோசர் என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் செய்யாறு சைட்டுக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு இருப்பதாக அக்கா போன கடிதத்தில் எழுதியிருந்தாள். அங்கே கொண்டுபோய், உங்கள் புல்டோசர் இன்னும் பத்து வருஷத்துக்கு வராத இடமாகப் பார்த்து விடுங்கள். எனக்கு அதன் மேல் பாசம், கீசம் ஒன்றும் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் வாய் உள்ள ஐந்தரை அடிக் குழாய், அவ்வளவுதான். ஆனால் என் இன்ஸ்பெக்ஷனில் முதல் தரம் என்று முடிவான ஒன்றை இன்னொருத்தர் பாஷாணம் வைத்து ஸ்கிராப் ஆக்குவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சாக்கில் போடும்போது தலைப்பக்கம் மேலே இருக்கட்டும். இடது பக்கத்துக் காயத்தில் கை படக் கூடாது. வருகிற வழியில் டீக்கடையில் நிறுத்தி யாருக்கும் காட்ட வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம். கடைசியாகச் சாப்பிட்டது போன செவ்வாய், அதனால் வெள்ளிவரை பசிக்காது. ஞாயிறு ஒன்று கொடுக்கலாம், பயணத்துக்குப் பிறகு.

கேட்பதாகச் சொன்னதைக் கேட்டுவிடுகிறேன்: நீங்களும் அக்காவும் சௌக்கியமா? அக்காவின் முழங்கால் வலி தேவலையா? உங்கள் வண்டி பிரேக் சரியாயிற்றா? உங்கள் இருவரின் காலிலும் விழுந்து ஆசி கேட்டுக்கொள்கிறேன், ஞாயிறு வந்தால் நேரிலேயே விழுகிறேன், வராவிட்டால் விழ மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
கார்முகில், டி.எம்.இ.

பி.கு. (19-2-91, செவ்வாய்): நேற்றுக் கடைசி தபால் போய்விட்டதால் கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. அது நல்லதுக்கா என்று தெரியவில்லை. இன்று காலை சந்திரம்மாள் பாஷாணப் பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார், தம்பி ஞாயிறு வர முடியாது என்று ஆள் அனுப்பிவிட்டானாம், இன்றே வைத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். எனக்கு யோசிக்க நேரம் இல்லை. பஸ் போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெட்டி, கார்டு, ஓட்டை, டின், ஸ்டூல், ஒன்று விடவில்லை. அவர் நெல் ரூம் கதவைத் திறந்தார். இரண்டு மூட்டைக்கு நடுவில் சூப்ரவைசர் படுத்திருந்தது. வாயில் ஒரு எலியின் வால் மட்டும் வெளியே இருந்தது, அதுவும் நாங்கள் பார்க்கப் பார்க்க உள்ளே போய்விட்டது. போன செவ்வாய்தான் சாப்பிட்டது, பத்து நாள் ஆகவில்லை, கங்கம்மாளின் கணக்கையும் அது மதிக்கவில்லை.

சந்திரம்மாள் குனிந்து பார்த்தார்.

"இது கடிக்குமா?"

"விஷம் கிடையாதும்மா."

"நெல்லு துன்னுமா?"

"துன்னாது."

"ரேடியோ வெக்குமா?"

"இல்லம்மா."

"கொல்லில சோப்புத் தண்ணிய வுட்டு வழுக்க வுடுமா? ஒரு ஆள்னு சொல்லிட்டு மூணு ஆளு படுக்குமா?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"என் வூட்ல எலிய வுட்டது யாரு? நீங்க மூணு பேரு. அத்தத் துன்னது யாரு? இது." பாஷாணப் பாக்கெட்டை என் கையில் வைத்தார். "இத்த எடுத்துகினு, நாயித்துக்கெழமைக்குள்ள மூணு பேரும் ரூம காலி பண்ணிடுங்கோ. சூப்ரவைசரு இருக்கட்டும். அத்தக் கேட்டுகினு எவனாவது வந்தான், கால ஒடச்சிடுவேன். அந்த பல்பையும் கழட்டாத."

நான் இன்ஸ்பெக்டர். அந்தத் தீர்ப்பில் ஒரு தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. மத்தியானம் அறைக்கு வந்து பார்த்தால் கார்டை அவர் நெல் ரூம் கதவில் மாட்டியிருக்கிறார். கையெழுத்துக் கட்டத்தில் சுண்ணாம்பில் ஒரு பெருவிரல் ரேகை. ஏழு மாதத்தில் அந்தக் கார்டில் விழுந்த முதல் உண்மை அதுதான்.

ஆகையால் மாமா, ஞாயிறு காலை பத்து மணிக்குத் தவறாமல் வாருங்கள். மேலே ஒரு சாக்கு என்று எழுதியிருக்கிறேன், மூன்றாகக் கொண்டு வாருங்கள். எங்கள் சாமான்களுக்கு.